வெளிநாட்டுப் படை இறங்கினால் அந்த ஆட்சி நிற்குமா, விழுமா? ரிக் ஓனர்களுக்கு ஒரு வழிமுறை

நான் திருச்செங்கோட்டுக்காரன். சொந்தமாக ரிக் வண்டி கிடையாது. ஆப்பிரிக்காவில் போர்வெல் ஓட்டும் நம்மூர் வண்டிகளுக்கு ஆள் அனுப்புவது, விசா, சம்பளம், பில் வசூல் எல்லாம் இங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன்பு தான்சானியாவில் வண்டியோடு அலைந்தவன். அந்தக் கண்டத்தில் எங்காவது ராணுவம், குண்டு, கெடு என்று டிவியில் ஓடினால் போதும், என் போன் சும்மா இருக்காது. ஓனர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "ஏந்தம்பி, அந்தாளு நிப்பானா, போயிருவானா?" அரசியல் ஆர்வத்தில் கேட்பதில்லை. அரசாங்க கான்ட்ராக்டில் போட்ட போர்வெல்லுக்குப் பில் நிற்கும். நாளைக்கு வேறு ஆள் வந்து உட்கார்ந்தால் பழைய கையெழுத்து செல்லுமா என்று தெரிய வேண்டும். பையன்களின் அம்மாக்கள் கேட்பது வேறு: "எம்பையன எப்பங் கண்ணு கூட்டியாருவீங்க?"

இரண்டுக்கும் பதில் சொல்ல எனக்கென்று ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதல் விஷயம், குண்டுச் சத்தத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ரிக் போடுகிற சத்தத்தைக் கேட்டு யாராவது தண்ணீர் இருக்கிறது என்று சொல்வார்களா? மேலே வருகிற தூளைக் கையில் எடுத்துத்தானே பார்க்கிறோம். இங்கே பார்க்க வேண்டிய தூள், அதிபரைச் சுற்றித் துப்பாக்கியோடு நிற்கிறவர்கள். தளபதியும் போலீஸ் தலைவரும் சொன்னதைக் கேட்கிறவரை எப்பேர்ப்பட்ட சர்வாதிகாரியும் உட்கார்ந்திருப்பான். வெளியிலிருந்து படை வந்ததும் அவர்கள் மனதில் என்ன ஓடுகிறது? 'இவனை விட்டு விலகினால் பிழைத்துக்கொள்ளலாம்' என்றா, 'இவன் போனால் நம் கழுத்தும் போகும்' என்றா? செய்தியில் தேட வேண்டியது அதைத்தான்.

காம்பியாவையும் நைஜரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்

நம் வண்டிகள் ஓடுகிற பக்கம் என்பதால் இந்த இரண்டு நாடுகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன். இரண்டுமே மேற்கு ஆப்பிரிக்கா. இரண்டிலும் மிரட்டியது ஈகோவாஸ் என்கிற அதே கூட்டமைப்பு. முடிவு மட்டும் நேர் எதிர்.

காம்பியாவில் யாஹ்யா ஜாமே 1994-இல் ராணுவப் புரட்சியில் வந்து 22 வருடம் ஆண்டவர். 2016 டிசம்பரில் தேர்தல் வைத்து அதாமா பாரோவிடம் தோற்றார். தோல்வியை ஒப்புக்கொண்டார், ஒரு வாரத்தில் மறுத்தும் விட்டார். ஜனவரி 19-ஆம் தேதி பாரோ பக்கத்து நாடான செனகலின் தலைநகர் டக்காரில், காம்பியத் தூதரகத்திலேயே பதவி ஏற்றார். அன்றைக்கே செனகல் படை எல்லை தாண்டியது. சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. 21-ஆம் தேதி ஜாமே விமானம் ஏறி எக்குவடோரியல் கினிக்குப் போய்விட்டார்.

படை வந்ததால் போனார் என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். படை வருவதற்கு முந்தைய நாட்களைப் பாருங்கள். அமைச்சர்கள் ஒவ்வொருவராக ராஜினாமா செய்கிறார்கள். தகவல் அமைச்சர் செனகலுக்கே ஓடிவிடுகிறார். துணை அதிபரும் விலகுகிறார். ராணுவத் தளபதி, இந்தச் சண்டையில் என் சிப்பாய்களை இறக்க மாட்டேன் என்கிறார். தூள் ஈரமாகிவிட்டது, இனித் தண்ணீர் வரும் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அந்த நாட்டை மூன்று பக்கமும் செனகல்தான் சூழ்ந்திருக்கிறது, நான்காவது பக்கம் கடல் என்பதும் ஒரு காரணம். இதை மேப்பைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம்.

நைஜருக்கு வாருங்கள். 2023 ஜூலை 26, அதிபர் காவல்படைத் தலைவர் சியானியின் ஆட்கள் அதிபர் பஸூமைப் பிடித்து வைத்தார்கள். மறுநாளே ராணுவத் தலைமை புரட்சிக்காரர்கள் பக்கம் சேர்ந்தது. என்னைக் கேட்டால் கணக்கு அன்றைக்கே முடிந்தது. ஈகோவாஸ் ஒரு வாரக் கெடு வைத்தது. நைஜீரியா மின்சாரத்தை நிறுத்தியது. பதிலுக்கு மாலியும் புர்கினா ஃபாஸோவும் 'நைஜரை அடித்தால் எங்களை அடித்த மாதிரி' என்றன. கெடு முடிந்த நாளில் தலைநகர் நியாமேயின் ஸ்டேடியத்தில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கோஷம் போட்டார்கள். அதற்கு முந்தைய நாளே நைஜீரிய செனட், சண்டை வேண்டாம், பேசித் தீர்க்கலாம் என்று தங்கள் அதிபருக்குச் சொல்லிவிட்டது. கெடு போனது, யாரும் வரவில்லை. 2024 பிப்ரவரியில் பெரும்பாலான தடைகளையும் எடுத்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் சியானி ஐந்து வருடத்துக்கு அதிபராகப் பதவி ஏற்றார்.

வராத படையால் அந்த ஆட்சிக்கு லாபம்தான். 'வெளிநாட்டுக்காரன் அடிக்க வருகிறான்' என்று சொல்ல ஒரு காரணம் கிடைத்தது, அடியும் விழவில்லை. அதனால் கெடு வைக்கிற செய்தி வந்தால் நான் கேட்பவை மூன்று. மிரட்டுகிறவன் பக்கத்தில் இருக்கிறானா? அவன் வீட்டிலேயே எதிர்ப்பு இருக்கிறதா? போகிறவன் இடத்தில் உட்கார ஆள் தயாரா? காம்பியாவில் ஜெயித்த ஆள் பக்கத்து ஊரில் காத்திருந்தார். நைஜரில் உட்கார வேண்டியவர் அந்தச் சிப்பாய்களின் கையிலேயே அடைபட்டிருந்தார்.

யாருக்காக வந்த படை?

காப்பாற்ற வந்த படையும் கவிழ்க்க வந்த படையும் டிவியில் ஒரே மாதிரிதான் தெரியும். காப்பாற்ற வந்தது என்றால், குறுகிய காலத்துக்கு ஆட்சி நிற்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். 1956-இல் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் போனதும் கிளர்ச்சி அடங்கியது. அவர்கள் உட்கார வைத்த காடர் 1988 வரை இருந்தார். 2011 மார்ச்சில் சவூதி படை பாலம் வழியாக பஹ்ரைனுக்குள் போனது, அந்த மன்னர் குடும்பம் இன்றைக்கும் இருக்கிறது.

நீண்ட காலக் கணக்கு வேறு. முட்டுக் கொடுத்தவனின் பையைப் பாருங்கள். ஆப்கானிஸ்தான் அதிபர் நஜிபுல்லாவை எடுத்துக்கொள்ளலாம். 1989 பிப்ரவரி 15-இல் கடைசி சோவியத் சிப்பாய் வெளியேறியபோது, இவன் ஆட்சி சில மாதம் தாங்கினால் பெரிது என்று பலரும் சொன்னார்கள். அடுத்த மாதமே அவரை எதிர்த்த கிளர்ச்சிப் படைகளான முஜாஹிதீன்கள் ஜலாலாபாத் நகரத்தைத் தாக்கித் தோற்றார்கள். நஜிபுல்லா மூன்று வருடம் நின்றார். காரணம், சிப்பாய் போன பின்பும் பணம், எரிபொருள், ஆயுதம், கோதுமை வந்துகொண்டே இருந்தன. அந்தப் பணத்தில்தான் அவர் உள்ளூர்ப் படைத் தலைவர்களுக்குக் கூலி கொடுத்தார். சோவியத் யூனியனே கலைந்து 1992 ஆரம்பத்தில் பணம் நின்றதும் அந்தப் படைத் தலைவர்களில் ஒருவரான தோஸ்தும் பக்கம் மாறினார், ஏப்ரலில் ஆட்சி போனது. சிப்பாய் போனபோது விழாதது சம்பளம் நின்றபோது விழுந்தது.

சிரியாவிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். 2015 செப்டம்பர் 30-இல் ரஷ்ய விமானங்கள் இறங்காமல் இருந்திருந்தால் அஸத் அப்போதே போயிருக்கலாம். ரஷ்ய விமானம், ஈரான் ஆட்கள், லெபனானின் ஹிஸ்புல்லா எல்லாம் சேர்ந்து அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறகு ரஷ்யா உக்ரைனில் மாட்டியது, 2024-இல் ஹிஸ்புல்லா இஸ்ரேலிடம் பலமாக அடி வாங்கியது. அந்த நவம்பர் 27-இல் கிளர்ச்சிப் படை கிளம்பியது, டிசம்பர் 8-இல் டமாஸ்கஸ் விழுந்தது. நடுவில் நடந்த ஒன்றை நான் அடிக்கடி எடுத்துச் சொல்வேன். விழுவதற்குச் சில நாள் முன்பு அஸத் தன் சிப்பாய்களுக்கு 50 சதவீதச் சம்பள உயர்வு அறிவித்தார். பணவீக்கத்தில் கரைந்துபோன சம்பளம் அது. பல வருடம் வயிற்றில் அடித்துவிட்டு எதிரி வாசலில் நிற்கும்போது சம்பளம் ஏற்றினால் யார் சண்டை போடுவார்? அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் நான் ஓனருக்கு அன்றைக்கே போன் போடுவேன்.

கவிழ்க்க வந்தால்: வானத்திலா, தரையிலா?

இங்கேதான் நம் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். டிவியில் இரவு முழுக்க வெடிக்கும். காலையில் "முடிஞ்சதுங்ணா" என்று பேக்கரியில் டீ குடித்துக்கொண்டே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். வானத்திலிருந்து அடித்தே விழுந்த ஆட்சிகளைத் தேடினால் கை காலியாகத்தான் வரும்.

1999-இல் நேட்டோ 78 நாள் யூகோஸ்லாவியா மீது குண்டு போட்டது. அதன் அதிபர் மிலோசெவிச் கொசோவோ மாகாணத்தை விட்டுப் படையை எடுத்தார், நாற்காலியை விடவில்லை. பெல்கிரேடில் மக்கள் பாலங்களின் மேல் கூடி நின்று பாட்டுப் பாடினார்கள். அதே நாட்களில் அரசை விமர்சித்த பத்திரிகை அதிபர் சுருவியாவை வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். அவர் ஆட்சி போனது அடுத்த வருடம், 2000 அக்டோபர் 5-இல். தேர்தலில் தோற்றதை மறைக்கப் பார்த்தார், ஊரே கிளம்பி வந்தது. டிவி நிலையத்தின் முன்னால் ஒரு லோடர் வண்டியையே கொண்டுபோய் இடித்தார்கள். போலீஸ் சுட மறுத்தது. தோற்ற யுத்தமும் அவரைப் பலவீனமாக்கியது உண்மைதான். ஆனால் தள்ளிவிட்டது உள்ளூர்க் கை, அதுவும் குண்டு ஓய்ந்து ஒரு வருடம் கழித்து.

யேமனில் 2015 மார்ச்சில் சவூதி கூட்டணி விமானத் தாக்குதல் தொடங்கியது. பல வருடம் அடித்தும் ஹூத்தி கிளர்ச்சிப் படையின் கையிலிருந்து தலைநகர் சனா போகவில்லை.

லிபியாவைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். 1986-இல் அமெரிக்க விமானங்கள் திரிப்போலியை அடித்தன, கடாஃபி அதற்கப்புறம் 25 வருடம் ஆண்டார். 2011-இல் மறுபடி அடித்தார்கள், அக்டோபரில் செத்தார். இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம், இரண்டாவது முறை தரையில் ஆள் இருந்தது. பென்காஸியும் மிஸ்ராத்தாவும் மேற்கு மலைப் பகுதியும் ஏற்கனவே எழுந்து நின்றன, அமைச்சர்களும் தூதர்களும் ராணுவத்தில் ஒரு பகுதியும் கட்சி மாறியிருந்தார்கள். விமானம் அவர்களுக்கு மேலே குடை பிடித்தது. அப்படியும் மார்ச்சில் ஆரம்பித்தது ஆகஸ்ட் வரை இழுத்தது.

இதற்கு எதிர்ப்பக்கம் 1991 ஈராக். குவைத்தில் தோற்று ஓடிய சதாமுக்கு எதிராக மார்ச்சில் பாஸ்ராவில் கிளர்ச்சி தொடங்கி, 18 மாகாணங்களில் 14 கைவிட்டுப் போயின. எழுந்திருங்கள் என்று ஈராக்கியரைத் தூண்டிவிட்ட அமெரிக்கா, தன் படை தெற்கில் நிற்கும்போதே கையைக் கட்டிக்கொண்டது. சண்டை நிறுத்தப் பேச்சில் ஹெலிகாப்டர் ஓட்டிக்கொள்ள ஈராக்குக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள், அந்த ஹெலிகாப்டர்களே கிளர்ச்சியை நசுக்கப் பயன்பட்டன. குடியரசுக் காவல்படை சதாமை விடவில்லை, அவர் இன்னும் 12 வருடம் இருந்தார். வெளிநாட்டான் தூண்டிவிட்டு ஒதுங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட மோசமான சாட்சி கிடையாது. பாவம், நம்பி எழுந்தவர்கள்.

தலைநகருக்குள் கால் வைக்கிற படை என்றால் பெரும்பாலும் ஆட்சி விழும். 1979 ஜனவரியில் வியட்நாம் கம்போடியத் தலைநகர் நோம்பென்னைப் பிடித்ததும் போல்பாட் காட்டுக்கு ஓடினார். 1989-இல் பனாமாவின் நோரியேகா, 2003-இல் சதாம். எங்கள் தான்சானியாவில் பெரியவர்கள் இன்றைக்கும் பேசுவது உகாண்டாவை ஆண்ட இடி அமீனை. 1978 அக்டோபரில் அமீன்தான் தான்சானியாவின் ககேரா பகுதிக்குள் புகுந்து அதைத் தன் நாட்டோடு சேர்த்துவிட்டதாக அறிவித்தார். அப்போது அவருடைய சொந்தப் படையிலேயே கலகம். திருப்பி அடித்த தான்சானியப் படை, உகாண்டா அகதிகளையும் சேர்த்துக்கொண்டு 1979 ஏப்ரல் 11-இல் கம்பாலாவைப் பிடித்தது. கடாஃபி அனுப்பிய லிபிய சிப்பாய்களாலும் காப்பாற்ற முடியவில்லை. உள்ளே ஓட்டை விழுந்த படையை வெளி ஆள் அடைக்க முடியாது.

அமீன் மாதிரி தானே போய் வம்பு இழுத்த ஆட்சிக்கு ஆபத்து அதிகம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஃபாக்லாந்து தீவைப் பிடிக்கப் போன அர்ஜென்டினா ராணுவ ஆட்சி 1982 ஜூனில் சரணடைந்தது, சில நாளில் அதன் தலைவர் கல்டியேரியை அவர் கூட்டாளிகளே இறக்கிவிட்டார்கள்.

கூட்டத்தைப் பார்க்காதீர்கள், சிறையைப் பாருங்கள்

குண்டு விழுந்ததும் ஜனங்கள் கொடியோடு தெருவுக்கு வந்தால், ஆட்சிக்கு ஆதரவு கூடிவிட்டது என்று சொல்வார்கள். கொஞ்சம் உண்மை உண்டு. சொந்த அரசைத் திட்டுகிறவனும் வெளியாள் அடித்தால் வாயை மூடிக்கொள்வான். ஆனால் அந்த ஆத்திரம் சீக்கிரம் ஆறிவிடும். நிற்பது, அந்தச் சாக்கில் அரசு செய்துகொள்கிற வேலை. 1961 ஏப்ரலில் கியூபாவின் பன்றிகள் விரிகுடாவில் அமெரிக்கா அனுப்பிய சுமார் 1,400 பேர் இறங்கியபோது, காஸ்ட்ரோ சந்தேகப்பட்ட ஆயிரக்கணக்கானோரைப் பிடித்து அடைத்தார். சண்டை மூன்று நாளில் முடிந்தது, உள்நாட்டு எதிர்ப்பும் பலமாக அடி வாங்கியது. 1980 செப்டம்பரில் சதாம் ஈரானுக்குள் புகுந்தார், அங்கே புரட்சி நடந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அரசுக்குள்ளேயே அடிதடி. யுத்தம் என்ன செய்தது? புரட்சிக் காவல்படையைப் பெரிய படையாக வளர்த்தது. தேர்ந்தெடுத்த அதிபர் பனிசத்ரை 1981-இல் தூக்கி எறிய வசதி செய்தது. கவிழ்க்கப் போனவர் அந்த ஆட்சிக்கு அஸ்திவாரம் போட்டுக் கொடுத்துவிட்டார்.

எனவே கைது, இன்டர்நெட் துண்டிப்பு, புதிதாக முளைக்கிற காவல்படை, இவற்றைத் தேடுங்கள். இவை தடங்கல் இல்லாமல் நடந்தால் துப்பாக்கிக்காரர்கள் இன்னும் கட்டளையைக் கேட்கிறார்கள், ஆட்சி கெட்டியாகிறது. ஆணை போட்டும் சிப்பாய் சுடவில்லை என்ற செய்தி வந்தால் எதிர்த்திசை. தளபதிகளின் குடும்பம் வெளிநாட்டுக்குப் பறக்கிறதா, எல்லைச் சாவடியில் ஆள் நிற்கிறானா என்பதை டிவியை விட அங்கேயிருக்கும் நம் டிரைவர்கள் சீக்கிரம் சொல்வார்கள். டீசல் லாரி வருவது நின்றால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

விழுந்த பிறகு

ஆட்சி விழுந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஓனர்களுக்கு நான் சங்ககிரியைக் காட்டுவேன், பக்கத்தில்தானே இருக்கிறது. 1799 மே 4-இல் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விழுந்தார். அவர் கையில் மிச்சமிருந்த கொங்குப் பகுதியும் கம்பெனி கைக்குப் போனது. மைசூரில் ஐந்து வயதுக் குழந்தையை அரசனாக உட்கார வைத்தார்கள், திப்புவிடம் இருந்த பூர்ணையாவே திவானாகத் தொடர்ந்தார். இந்தப் பக்கம் சின்னமலை 1805-இல் சங்ககிரியில் தூக்கில் போடப்படும்வரை சண்டை ஓயவில்லை. பழைய கணக்குப்பிள்ளையை வைத்துக்கொண்ட இடத்தில் நிர்வாகம் ஓடியது. ஈராக்கில் 2003 மே மாதம் அமெரிக்க நிர்வாகம் ராணுவத்தையே கலைத்தது. லட்சக்கணக்கான ஆட்கள் சம்பளம் இல்லாமல், துப்பாக்கியோடு வீட்டுக்குப் போனார்கள். பிறகு வருடக்கணக்கில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரியும். கம்பாலாவில் அமீனுக்குப் பின் வந்த லூலே 68 நாள்தான் தாங்கினார், 1986-இல் முசெவேனி வரும்வரை மாறி மாறி ஆட்சி.

நம் தொழிலுக்கு இதை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். புதிதாக வருகிறவன் பழைய அதிகாரிகளை வைத்துக்கொண்டால் பில் தாமதமாகும், ஆனால் வரும். துறையைக் கலைத்தால் அந்தப் பணத்தை மறந்துவிட்டு வண்டியைக் காப்பாற்றுங்கள்.

சரி, செய்ய வேண்டியது. வானத்திலிருந்து மட்டும் அடி, தளபதிகள் அசையவில்லை என்றால் ஆட்சி நிற்கும். வேலையை நிறுத்தி, தலைநகரிலும் விமான நிலையப் பக்கத்திலும் ஆளை வைக்காமல், உள்ளூரில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லுங்கள். போட்டு முடித்த போர்வெல்லுக்கு மட்டும் உடனே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். தளபதி பேச்சு மாறினால், அமைச்சர் ஓடினால், சிப்பாய்க்குத் திடீர்ச் சம்பள உயர்வு வந்தால், காத்திருக்கக் கூடாது. ரிக்கும் பைப் லாரியும் சேர்ந்து எல்லைக்கு ஊர்ந்து போக நாள் பிடிக்கும். ஆளை முதலில் எடுங்கள், இரும்பு அப்புறம்.

விமானத்தை நம்பி இருக்காதீர்கள். நைஜரில் 2023 ஆகஸ்ட் 6-இல் வான்வெளியை மூடிவிட்டார்கள். நம் வெளியுறவுத் துறை இந்தியர்களைக் கிளம்பச் சொன்னது 11-ஆம் தேதி, அதற்குள் தரை வழி மட்டும்தான் மிச்சம். 2023 ஏப்ரலில் சூடானிலும் நம் ஆட்களை பஸ்ஸில் போர்ட் சூடான் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துதான் ஜெட்டாவுக்கு அனுப்பினார்கள். போன நாளிலேயே எல்லாப் பையன்களையும் தூதரகத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பாஸ்போர்ட்டை ஆபீஸ் பீரோவில் பூட்டி வைக்கிற பழக்கம் சில இடங்களில் உண்டு, அதை இன்றைக்கே நிறுத்துங்கள், அவரவர் பாஸ்போர்ட் அவரவர் பையில். மஞ்சள் காய்ச்சல் ஊசி அட்டையும் கூடவே இருக்கட்டும், அது இல்லாமல் எல்லைச் சாவடியில் ஒரு நாள் முழுக்க நிற்க வைத்துவிடுவார்கள். வண்டியின் சுங்கப் பேப்பர் நகல் ஒன்று டிரைவரிடம், ஒன்று நம்மூர் ஆபீசில். பக்கத்து நாட்டு விசா எங்கே கிடைக்கும், எந்தச் சாவடி திறந்திருக்கிறது என்பதைப் பிரச்சனை இல்லாத நாளிலேயே விசாரித்து எழுதி வைத்துவிடுங்கள்.